சிறிய திரையில் விட்ஜெட்: மலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் போன் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். திரை மாற்ற வருபவர்களும் சார்ஜர் வாங்க வருபவர்களும் கிளம்பும் முன் ஒரு சந்தேகம் கேட்பார்கள். அவற்றில் பெரும்பகுதி முகப்புத் திரையில் தெரியும் வானிலை, கடிகாரம், குறிப்பு போன்ற விட்ஜெட்களைப் பற்றியது. கொடைக்கானல் பக்கத்து உறவினர்களும் தொலைபேசியில் இதையேதான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன். போன் நிறுவனத்துக்கு நிறுவனம் அமைப்புகளின் பெயர்கள் சற்று மாறும், விஷயம் மாறாது.

விட்ஜெட் என்கிறார்களே, அது செயலியிலிருந்து வேறா?

செயலியைத் திறக்காமலேயே அதிலுள்ள ஒரு செய்தியை முகப்புத் திரையில் காட்டும் சிறு கட்டம்தான் விட்ஜெட். ஆண்ட்ராய்டில் இது 2009இல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஐபோனின் முகப்புத் திரைக்கு 2020இல், ஐஓஎஸ் 14 பதிப்பில் வந்து சேர்ந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்க்கும் நொடியில் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் செயலி ஓடிக்கொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். செயலி கடைசியாக எப்போது செய்தி கொண்டுவந்ததோ, அப்போதைய நிலைதான் அதில் தெரிகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

அழுத்திப் பிடித்தால் ஐகான்தான் நகர்கிறது, விட்ஜெட் பட்டியல் வரவே இல்லை. எங்கே அழுத்த வேண்டும்?

ஐகான் இல்லாத வெற்று இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். முதல் திரை நிரம்பியிருந்தால் ஒதுக்கித் தள்ளி அடுத்த திரைக்குப் போங்கள். அப்போதும் எதையும் சேர்க்க முடியாவிட்டால் முகப்புத் திரையின் அமைப்பு பூட்டப்பட்டிருக்கும். அமைப்புகளில் முகப்புத் திரைக்கான பகுதியில் அதைத் திறந்துவிடலாம். ஐபோனில் ஐகான்கள் ஆடத் தொடங்கும்வரை அழுத்திப் பிடித்துவிட்டு, மேல் மூலையில் தோன்றும் பொத்தானைத் தொட வேண்டும்.

வெளியே மழை கொட்டுகிறது. போனில் சூரியன் படம் இருக்கிறது. இது எப்படி அண்ணா?

இரண்டு காரணங்கள். செய்தி பழையதாக இருக்கலாம். அல்லது வேறு இடத்துக்கு உரியதாக இருக்கலாம். முதலில் பழமையைப் பார்ப்போம். ஆண்ட்ராய்டு தரும் வழக்கமான ஏற்பாட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் விட்ஜெட் தானாகப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. பல வானிலைச் செயலிகள் அதை ஒரு மணி, மூன்று மணி என்று நீட்டி வைக்க இடம் தருகின்றன. சமவெளியில் இது பெரிய குறை இல்லை. நம் ஊரில் பத்து நிமிடத்தில் வெயில் மறைந்து மேகம் இறங்கி, எதிர் வீடு தெரியாமல் போய்விடுகிறது. அரை மணி நேரத்துக்கு முந்தைய சூரியன் அப்போது எதற்கும் உதவாது.

ஆகவே விட்ஜெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்லும் முதல் விஷயம், ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ அதில் தெரிகிறதா என்பதுதான். சில செயலிகளில் அது முதலில் மறைந்திருக்கும். விட்ஜெட்டின் அமைப்புகளுக்குள் போனால் காட்டச் செய்யலாம். நேரத்தைக் காட்டவே வழியில்லாத வானிலை விட்ஜெட்டை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மலையில் வசிப்பவர்களுக்கு நான் வைத்துத் தருவதில்லை.

ஊட்டி என்று ஊரைப் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாவட்டம்தானே, போதாதா?

போதாது. நீலகிரியில் எல்லா ஊருக்கும் ஒரே மழை பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தைத்தான் நனைத்தெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தப் பருவத்தில் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்குப் பல நாள் காற்றும் சாரலும்தான். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கனமழை பெய்து, மண் சரிந்து, மலை ரயில் நிற்கும் காலம் அது.

உயரமும் சேர்ந்து குழப்பும். உலகளாவிய வானிலைக் கணிப்பு மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கிலோமீட்டரிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல்கூட இருக்கும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது; குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரில். பெரிய கட்டம் ஒன்றுக்குள் இரண்டும் அடங்கிவிடக்கூடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏறக்குறைய 10 டிகிரி வேறுபாடு வருகிறது. நல்ல செயலிகள் உயரத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்துகின்றன. எல்லாச் செயலிகளும் அதைச் செய்வதில்லை.

கொடைக்கானலிலும் இதே கதைதான். ஊர் 2,133 மீட்டர் உயரத்தில் இருக்க, ‘திண்டுக்கல்’ என்று மாவட்டத் தலைநகரின் பெயரைப் போட்டு வைத்தால் அடிவாரத்து வெயில்தான் திரையில் தெரியும். உங்கள் ஊரின் பெயரையே போடுங்கள். அது பட்டியலில் இல்லாவிட்டால் தூரத்தைவிட உயரத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய அதே உயரத்தில், மலையின் அதே பக்கத்தில் இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

நாங்கள் பந்தலூர் பக்கம். போன் அடிக்கடி கேரளத்து ஊர்ப் பெயரைக் காட்டுகிறது. வைரஸ் ஏதாவது இருக்குமா?

வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். போன் தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் மூலமும் அறியும். பக்கத்து டவர், வைஃபை ஆகியவற்றைக் கொண்டும் ஊகிக்கும். மின்சக்தியை மிச்சப்படுத்த விட்ஜெட்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் போகின்றன. எல்லையோரத்தில் வயநாட்டு டவர் கிடைத்தால் அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர் வந்துவிடும். ‘தற்போதைய இடம்’ என்பதை நீக்கிவிட்டு ஊரை நிலையாகக் குறித்துவிடுங்கள். இருப்பிட அனுமதியும் தேவைப்படாது, பேட்டரியும் சிறிது மிஞ்சும்.

மழை வாய்ப்பு 80% என்று காட்டுகிறது. 80% என்றால் பலத்த மழையா?

இல்லை. அது மழை வருவதற்கான வாய்ப்பு; மழையின் அளவு அதில் இல்லை. 80% என்று காட்டிய நாளில் வெறும் தூறலோடு முடியலாம். 30% என்று காட்டிய நாளில் பெய்தால் பேய்மழையாகவும் பெய்யலாம். அளவு வேண்டுமானால் மில்லிமீட்டரில் காட்டும் விட்ஜெட்டை வையுங்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4க்கு மேல் போனால் அதிகனமழை. செய்தியில் வரும் இந்தச் சொற்களையும் திரையில் தெரியும் மில்லிமீட்டரையும் பொருத்திப் பார்க்கப் பழகிக்கொண்டால், சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டியிருக்காது.

இரவில் 4 டிகிரி என்றுதான் காட்டியது. காலையில் கேரட் தோட்டம் முழுக்க உறைபனி. 4 டிகிரியில் எப்படி உறையும்?

இதைக் கேட்பவர்கள் ஊட்டியைச் சுற்றியுள்ள விவசாயிகள். கேள்வியில் அவர்களின் ஒரு பருவத்து உழைப்பு இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வானிலையில் ‘வெப்பநிலை’ என்றால் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கிறது. அப்போது புல்லும் இலையும் மேலேயுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆள் உயரத்தில் 4 டிகிரி இருக்கும்போதே இலையின் மேல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட முடியும்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்வான வெளிகளில் வெண்மையாகப் படிந்திருக்கும்போது, மேட்டில் நீர்ப்பனி மட்டுமே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஊட்டி பற்றிய கேள்விக்குச் சொன்ன கணிப்பு மாதிரியின் பெரிய கட்டத்துக்குள் உங்கள் பள்ளமும் மேடும் தனித்தனியாகத் தெரியவே தெரியாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விட்ஜெட்டில் வெப்பநிலை எண்ணோடு மேகமூட்டம், காற்றின் வேகம் இரண்டையும் காட்டச் செய்யுங்கள். எண் 5 டிகிரிக்குக் கீழே, வானம் தெளிவு, காற்று இல்லை: இந்த மூன்றும் மாலையிலேயே சேர்ந்து தெரிந்தால் நாற்றுகளை மூடிவிடுவது நல்லது. ஒரு சாதாரண வெப்பமானியைத் தோட்டத்தின் பள்ளத்தில், புல் மட்டத்தில் வைத்துச் சில காலைகள் விட்ஜெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நிலத்துக்கு எத்தனை டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். இதைவிட நம்பகமான திருத்தத்தை எந்தச் செயலியாலும் தர முடியாது.

பச்சைத் தேயிலை விலையை முகப்பிலேயே பார்க்கிற மாதிரி விட்ஜெட் இருக்கிறதா தம்பி?

தானாக விலை காட்டும் என்று நம்பி ஏதோ ஒரு செயலியை நிறுவ வேண்டாம். பச்சைத் தேயிலைக்கான மாத விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. தொழிற்சாலை உங்களுக்குத் தருவது இலையின் தரத்தைப் பொறுத்து மாறலாம். மாதம் ஒரு முறை மாறும் எண்ணுக்கு இணையம் வழியே ஓயாமல் புதுப்பிக்கும் விட்ஜெட் தேவையே இல்லை.

குறிப்புச் செயலியின் விட்ஜெட்டை வையுங்கள். இந்த மாத விலை, இன்று போட்ட இலையின் எடை, தொழிற்சாலை தர வேண்டிய பாக்கி என்று நீங்களே மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். டவர் இல்லாவிட்டாலும் அது தெரியும்; எழுதியவர் நீங்களே என்பதால் எண்ணின் மேல் சந்தேகமும் வராது. எனக்குத் தெரிந்த விவசாயிகளுக்கு அதிகம் பயன்பட்ட விட்ஜெட் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மலைப்பாதையில் இறங்கும்போது டவர் போய்விடுகிறது. அப்போது எதை நம்பலாம்?

கடிகாரம், நாட்காட்டி, குறிப்பு, பேட்டரி அளவு, போனிலேயே சேமித்த படம் ஆகியவற்றை நம்பலாம். வானிலை, போக்குவரத்து நெரிசல், செய்தி ஆகியவற்றை நம்பக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் டவர் விட்டு விட்டு வரும். அந்த நேரத்தில் புதுப்பிக்க முயன்று தோற்றுப்போன விட்ஜெட், ‘முடியவில்லை’ என்று சொல்லாமல் பழைய செய்தியையே காட்டிக்கொண்டிருக்கும். நேரத்தைக் காட்டும் விட்ஜெட் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் அருமை இங்கேதான் புரியும்.

கொடைக்கானலுக்கு வருகிறோம். இ-பாஸை விட்ஜெட்டாக வைத்துக் காட்டலாமா?

வெளியூர் வாகனங்களில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அதைப் பதிவிறக்கிப் படமாகச் சேமித்து, கேலரி விட்ஜெட்டில் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்தால் சோதனைச் சாவடியில் தேட வேண்டியிருக்காது. ஆனால் விட்ஜெட்டாகச் சுருங்கிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது கடினம். விட்ஜெட்டைத் தொட்டுப் படத்தை முழுத் திரையில் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுங்கள்.

விடியற்காலையில் 30% சார்ஜ் இருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது. விட்ஜெட்தான் உறிஞ்சுகிறதா?

முதன்மைக் காரணம் குளிர். லித்தியம் அயான் பேட்டரியின் உள்ளே நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகும். தேவையான மின்சாரத்தை ஒரே மூச்சில் தர முடியாமல் போன் அணைந்துவிடும். பேட்டரி பழையது என்றால் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஐபோனைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் நிறுவனமே வரம்பு சொல்கிறது. உறைபனிக் காலையில் போன் ஜீப்பின் முன்பலகையில் கிடந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஸ்வெட்டருக்கு உள்பக்கப் பையில் வைத்திருங்கள். உறைந்து கிடந்த போனை உடனே சார்ஜில் போடாமல், அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

விட்ஜெட்டின் பங்கு சிறியது. ஆனால் டவர் மங்கலான இடத்தில் ஐந்தாறு விட்ஜெட்கள் இணையத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அதுவும் சேரும். பலவீனமான டவரோடு பேச போன் கூடுதல் சக்தியைச் செலவிடுகிறது.

பேட்டரி சேமிப்பைப் போட்டதும் விட்ஜெட் நின்றுவிட்டது. சேமிப்பும் வேண்டும், விட்ஜெட்டும் வேண்டும். வழி உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் தூக்கநிலைக்குப் போய்ச் செயலிகளின் பின்னணி வேலைகளை ஒத்திப்போடுகிறது. சேமிப்பு முறையைப் போட்டால் கட்டுப்பாடு இன்னும் கூடும். அமைப்புகளில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கலாம். ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் சேமிப்பு என்பதே இருக்காது.

ஐபோனில் அப்படி விலக்குக் கொடுக்க வழியில்லை. அடிக்கடி பார்க்கப்படும் விட்ஜெட்டுக்கு நாளொன்றுக்கு வழக்கமாக 40 முதல் 70 முறை வரை புதுப்பிக்க இடம் தருகிறது. எப்போது என்பதைப் போனே முடிவு செய்யும். உடனடிச் செய்தி வேண்டும்போது விட்ஜெட்டைத் தொட்டுச் செயலியைத் திறப்பதுதான் இரண்டு வகைப் போன்களிலும் உறுதியான வழி.

‘உதகமண்டலம்’ என்பது ‘உதகம…’ என்று வெட்டுப்பட்டு வருகிறது. தமிழை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். பல விட்ஜெட்கள் குறுகிய ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. நம் சொற்கள் நீளமானவை, ‘கீ’, ‘நீ’ போன்ற எழுத்துகளின் மேல் சுழி தனி உயரம் கேட்கும். விட்ஜெட்டை அழுத்திப் பிடித்து ஓரப் புள்ளிகளை இழுத்து ஒரு கட்டம் அகலமாக்குங்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் நீங்களே பெயர் சூட்ட முடிந்தால் ‘உதகை’ என்றோ ‘வீடு’ என்றோ வைத்துவிடலாம். தலைப்பாகம் வெட்டுப்பட்டால் போனின் எழுத்தளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் அது செயலியைச் செய்தவரின் குறை. மதிப்பீட்டுப் பகுதியில் தமிழிலேயே எழுதித் தெரிவியுங்கள். யாரும் கேட்காவிட்டால் அவர்கள் திருத்தப் போவதில்லை.

அம்மாவுக்குப் பார்வை மங்கல். ஹட்டியில் (படகர் கிராமத்தில்) தனியாக இருக்கிறார். என்ன வைத்துக் கொடுப்பது?

முதல் திரையில் பெரிய எண்களுடன் ஒரு கடிகாரம், அதன் கீழே நேரடி அழைப்பு விட்ஜெட்கள். ஆண்ட்ராய்டில் தொடர்புகள் விட்ஜெட்டில் நேரடி அழைப்பைத் தேர்ந்தால், முகத்தைத் தொட்டவுடன் அழைப்பு போய்விடும். பிள்ளைகளின் எண், பக்கத்து வீட்டு எண், ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வானிலையும் செய்தியும் அவருக்கு வேண்டாம். பின்னணியை ஒரே அடர்நிறமாக வையுங்கள். பேரக்குழந்தைகளின் படத்தின் மேல் வெள்ளை எண்கள் தெரியாது. வேலை முடிந்ததும் முகப்புத் திரை அமைப்பைப் பூட்டிவிடுங்கள், கை பட்டு இடம் மாறாது.

என் போன் சிறியது, 2 ஜிபி. எத்தனை விட்ஜெட் வைக்கலாம்?

மூன்று. அதற்கு மேல் வைத்தால் திரையைத் தள்ளும்போதே தடுமாறும்.

தங்கும் விடுதி வரவேற்பில் போனை நாள் முழுக்கக் கடிகாரமாக வைத்திருந்தோம். இப்போது எண்களின் நிழல் திரையிலேயே ஒட்டிவிட்டது. போகுமா?

அமோலெட் திரை என்றால் போகாது. திரையை மாற்றத்தான் வேண்டும். அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தேயும். ஒரே இடத்தில் நாள்கணக்காக எரிந்த புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகம் தேய்ந்து நிழலாகத் தெரிகின்றன. இனிமேல் கறுப்புப் பின்னணி, குறைந்த வெளிச்சம், அவ்வப்போது இடம் நகரும் கடிகாரம் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

வரவேற்பு மேசையில் இருக்கும் போனில் நாட்காட்டி விட்ஜெட்டும் வேண்டாம். வருகிற விருந்தினரின் பெயரும் அறை எண்ணும் நிற்பவர் எல்லார் கண்ணிலும் படும். பூட்டுத்திரை விட்ஜெட்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஐபோனில் 2022 முதல் அவை இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் 2012இல் வந்து 2014இல் நீக்கப்பட்டு, இப்போது சில நிறுவனங்கள் தம் போன்களில் தனியே தருகின்றன.

வானிலைச் செயலி ஒன்று தொடர்புகளையும் எஸ்எம்எஸ்ஸையும் பார்க்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. மழை சொல்ல உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். வங்கியின் ரகசிய எண் வருவது எஸ்எம்எஸ்ஸில்தான். போனிலேயே வந்த செயலி, அல்லது இந்திய வானிலை ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட ‘மௌசம்’ போதும்.

விட்ஜெட்டில் மழை இல்லை என்று காட்டுகிறது, செய்தியில் நீலகிரிக்கு ரெட் அலர்ட் என்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவா, வேண்டாமா?

அலர்ட்டைப் பின்பற்றுங்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. விட்ஜெட் கணினி மாதிரியிலிருந்து ஓர் இடத்துக்கு எடுத்த எண். அலர்ட் என்பது வானிலை ஆய்வாளர்கள் ரேடார், செயற்கைக்கோள், மழைமானி எல்லாவற்றையும் பார்த்து மாவட்டம் முழுவதற்கும் விடுக்கும் எச்சரிக்கை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும். உங்கள் வீட்டு முற்றம் காய்ந்திருக்கும்போதே பள்ளிப் பேருந்து போகும் வழியில் மரம் விழுந்து கிடக்கலாம், மண் சரிந்திருக்கலாம். அது எந்த விட்ஜெட்டிலும் தெரியாது.

விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். அறிவிப்பு கண்ணில் படாவிட்டால் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று 1077இல் கேளுங்கள். அம்மாவின் போனில் வைக்கச் சொன்ன அந்த எண்ணை உங்கள் முதல் திரையிலும் வைத்துவிடுங்கள். மூன்றுதான் வைக்க இடம் என்றால் வானிலையை இரண்டாம் திரைக்குத் தள்ளிவிட்டு இதை முதலில் வையுங்கள்.